பள்ளிச் சிறாரும் தத்துவ விசாரமும்

கல்வியின் பயன் யாது என வினவுவார்க்கு விடை கூறுவார் இக்காலத்து இருதிறத்தினர். ஒருதிறத்தார், கற்றவன் பிழைப்புக்கு வழி தேடிக்கொள்ளுதலே பயன் என்பர். மற்றொரு திறத்தார், கற்றவன் நல்லொழுக்கம் உடையனாதலே பயன் என்பர். இவ்விருவரும் ஒருவரையொருவர் மறுப்பார் போலத் தோன்றினும் ஒன்றில் உடன்பட்டு நிற்கின்றனர். பள்ளிச் சிறுவன் தான் கேட்டதொன்றை, 'இஃது உண்மையோ? எவ்வாற்றான் உண்மை?' என ஆராயும் வன்மையைப் பள்ளியிலே பெறவேண்டுவதில்லை என்பதே அஃது. முன்னவர் அவ்வாராய்ச்சியை வீண்பொழுது என்பர். பின்னவர் அதனை அடக்கமின்மை என்பர். தத்துவ நூலைப் பள்ளிப் பாடங்களுள் ஒன்றாக வைத்தல் தகுமோ தகாதோ என்னும் வினா எழும்போதெல்லாம் இருதிறத்தாரும் அதனைத் தள்ளிவிடுதற்குக் காரணம் இதுவே. தகும் என்பதும், பல்கலைக்கழகம் புகாது பதினெட்டாம் அகவையில் ஆலைவாயில் புகும் பிள்ளைகட்கே அது முதற்கண் தகும் என்பதும் யாம் ஈண்டு நிறுவப் புகுவன.

சொல்லைப் பற்றி ஒன்று கூறி மேற்செல்வாம். சைவ நூல்களில் தத்துவம் என்பது முப்பத்தாறாக எண்ணப்படும் கருவிகளைக் குறிக்கும் பெயர். இக்காலத்தார், மேனாட்டார் பிலாசபி என வழங்கும் நூலைத் தத்துவம் என்கின்றனர். முன்னையோர் அதனைத் தரிசனம் என்றனர். அதில் வல்லாரைச் சமயக்கணக்கர் என்கின்றது மணிமேகலை. யாம் உலகவழக்கு நோக்கித் தத்துவம் என்றே எழுதுகின்றோம். பெயர் பற்றி வழக்கிட்டு நிற்பின் பொருள் நம்மை விட்டுப் போய்விடும்.

திருவள்ளூர் மாவட்டத்தார்க்குத் தத்துவம் அயலூர்ச் சரக்கன்று. 1960-ஆம் ஆண்டில் ஆந்திரத்தினின்றும் சென்னை இராச்சியத்தோடு சேர்ந்த திருத்தணியிலே, 1888-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தத்துவத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டது வேட்கையினால் அன்று. உறவினர் ஒருவர் அதே கல்லூரியில் தேர்ச்சி பெற்றுத் தம்முடைய தத்துவப் புத்தகங்களை இவர்க்குக் கொடுத்துவிட்டார். புத்தகம் வாங்கும் செலவு மிஞ்சியமையின் அப்பாடமே கைவந்தது. அக்கல்லூரியிலே பாதிரிமார் இந்து சமயத்தின்மேல் நிகழ்த்திய கண்டனங்கள் அவர் உள்ளத்தை வருத்தின. வருந்தியவர் வைதலும் செய்யவில்லை, செவியடைத்துக்கொள்ளலும் செய்யவில்லை. அக்கண்டனங்களுள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது எனத் தேடப் புகுந்தார். அத்தேட்டத்தின் விளைவாக 1908-இல் வேதாந்தத்தின் ஒழுக்கவியலைப் பற்றி எம்.ஏ. பட்டத்திற்கு ஓர் ஆராய்ச்சியுரை எழுதினார். அதனைப் பாராட்டிச் சான்று வழங்கியவர் ஹாக் என்னும் ஆசிரியர்; அவரும் ஒரு பாதிரியாரே. மறுத்தவர் மரபில் வந்த ஒருவர், மறுக்கப்பட்டவன் கூறிய விடையைப் படித்து நன்றென்றார். தத்துவக் கல்வி என்பது இதுவே அன்றி வேறில்லை.

இராதாகிருஷ்ணனார் கொண்ட வேதாந்தக் கொள்கை சித்தாந்திகளாகிய நமக்கு முழுதும் உடன்பாடன்று. அஃது வேறு வழக்கு. ஈண்டு நாம் கருதவேண்டுவது, ஓர் உறவினர் வேறு பாடம் படித்திருந்தால் அவர் தத்துவத்தின் பக்கமே வந்திரார் என்பது. அவர் பிறந்தநாளை 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகின்றோம். ஊத்துக்கோட்டையிலும் பொன்னேரியிலும் மாதர்பாக்கத்திலும் பிள்ளைகள் அன்று பாட்டுப் பாடி ஆசிரியர்க்குப் பூங்கொத்துக் கொடுக்கின்றனர். அவர் வாழ்நாளெல்லாம் கற்பித்த பாடம் யாது என்று அப்பிள்ளைகளைக் கேட்பின் பெரும்பாலார் அறியார். அப்பாடம் அவர்கட்கு இல்லையாதலின் அறியாமை அவர் குற்றமன்று.

1948-49-இல் அவர் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு இதுபற்றிச் சிந்தித்தது. பட்டவகுப்பின் முதலாண்டில் சமயப் பெரியோர் வரலாறும், இரண்டாம் ஆண்டில் பல சமய நூல்களினின்றும் எடுத்த பகுதிகளும், மூன்றாம் ஆண்டில் சமயத் தத்துவத்தின் தலையாய வினாக்களும் கற்பிக்கப்படவேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. முறை நன்று. ஆயின், வினாக்கள் மூன்றாம் ஆண்டிலேதான் வருகின்றன. அதுவும் கல்லூரியிலே வருகின்றன. கல்லூரிவரை காத்திருக்க வல்லான் காத்திருக்க. காத்திருக்க மாட்டாதவன் நிலை என்னை?

கும்மிடிப்பூண்டியை எண்ணிப் பார்மின். சிப்காட் வளாகத்தில் இரும்பை உருக்கும் உலைகளும், உருக்கிய இரும்பைக் கம்பியாக இழுக்கும் ரோலிங் மில்களும், இரசாயன ஆலைகளும் நெருங்கி நிற்கின்றன. சுற்றுப்புறத்துப் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்பு முடித்து ஐ.டி.ஐ. சேர்ந்து, பதினெட்டில் ஆலைவாயிலில் நிற்கின்றனர். பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் வந்த பிள்ளைகள் அத்தனையும் படியாமலே உடன் நிற்கின்றனர். அவ்வாயிலுக்கு உள்ளும் புறமும் அவர்களை எதிர்கொள்ளும் உரைகள் எத்தனை! ஒப்பந்தக்காரன் ஒன்று சொல்வான். சங்கத்தார் ஒன்று சொல்வார். சாதித் தலைவர் ஒன்று சொல்வார். கடன் கொடுப்பவன் ஒன்று சொல்வான். இரவில் வாட்ஸ்அப் வழியே வரும் செய்தி இவையனைத்தினும் வேறொன்று சொல்லும். ஒவ்வொருவரும் தம் கூற்றுக்கு ஏது காட்டுகின்றனர். எது ஏது, எது ஏதுப்போலி எனப் பிரித்தறியும் பயிற்சியை அப்பிள்ளை எவ்விடத்துப் பெற்றான்? கணக்குப் பாடம் எண்ணின் பிழையைக் காட்டும். இலக்கணம் சொல்லின் பிழையைக் காட்டும். வாதத்தின் பிழையைக் காட்டும் பாடம் ஒன்று பள்ளியில் இல்லை.

பண்டு இருந்தது. மடங்களிலே பயின்றார் சித்தாந்த நூலைத் தொடுமுன் தருக்கத்தைத் தொடுதல் முறையாயிருந்தது. வடமொழியில் அன்னம்பட்டர் செய்த தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் தமிழாக்கியது அம்முறைக்காகவே. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப்போலி ஆகியவற்றை விரித்துரைக்கின்றது. ஒரு காப்பியத்தின் தலைவி துறவு நிலையில் ஊன்றுதற்குமுன் தருக்கம் கேட்டாள் என்பதில் சாத்தனார்க்கு வியப்பொன்றுமில்லை. சிவஞான சித்தியாரின் சுபக்கமும் பதியை எடுத்தவுடன் தொடங்கிவிடவில்லை. அளவைகளை முன் நிறுத்தி, ஒன்றை அறியும் வழி யாது எனத் தெளிவித்துப் பின்னரே அறியப்படும் பொருளுக்குச் செல்கின்றது.

தருக்க நூலார் நெடுங்காலமாகக் கூறிவரும் எடுத்துக்காட்டு, புகை கண்டு நெருப்புண்மை துணிதல். மலையிற் புகை தோன்றுகின்றது, ஆகவே மலையில் நெருப்புண்டு, அடுக்களையிற்போல. இதனை மாணாக்கன் எளிதின் ஒப்புவான். பின்னர் ஆசிரியர் திருப்பிக் கேட்பார்: நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டோ? உண்டு எனத் துள்ளிக் கூறும் மாணாக்கனுக்கு நூலார் காட்டுவது பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டு. அதன்கண் நெருப்புண்டு, புகையில்லை. புகை எழுதற்கு நெருப்பு மாத்திரம் போதாது, ஈரவிறகின் சேர்க்கையும் வேண்டும் என்பது அப்போது விளங்கும். மடத்திலே யாம் இதனைப் படித்த காலத்துக் காய்ச்சிய இரும்பை எம்முள் கண்டவர் எவருமிலர். கொல்லன் பட்டறையை நினைந்துகொள்ளுமாறு ஆசிரியர் பணித்தார். கும்மிடிப்பூண்டிப் பிள்ளைக்கோ, ரோலிங் மில்லிலே செக்கச்சிவந்த இரும்புக் கட்டி உருளைகளினிடையே புகையின்றி ஓடுதலை நாள்தோறும் பார்த்து வரும் தந்தை வீட்டிலே இருக்கின்றார். தருக்க நூலின் எடுத்துக்காட்டு இவ்வளவு அண்மையில் கிடக்கும் ஊர் வேறொன்று யாம் அறியோம்.

'ஒழுக்கக் கல்வி பள்ளிகளில் இப்பொழுதே உள்ளதன்றோ? திருக்குறள் உள்ளதன்றோ?' எனின், உள்ளது. 2016-இல் உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை அறத்துப்பாலையும் பொருட்பாலையும் பள்ளிகளிற் கற்பிக்கப் பணித்தது. 1330 குறளையும் ஒப்பிக்கும் பிள்ளைகட்கு அரசு பரிசு வழங்குகின்றது. மேல்நிலை வகுப்பில் 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' என ஒரு பாடமும் சில பிரிவினர்க்கு உண்டு. இவற்றை யாம் குறைகூறேம். மனப்பாடம் இன்றேல் விசாரம் நிற்றற்கு நிலமில்லை. ஆயின், நிலத்தை உழுது எருவிட்டு வித்தாமல் வேலியிட்டுக் காத்தல் போல்வது, குறளை ஒப்புவித்து வினவாது விடுதல். பரிமேலழகரைப் பாருங்கள். பிறர் கொண்ட பொருளை இன்னவாறு உரைப்பாரும் உளர் எனக் காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணம் சொல்லாமல் அவர் நகரார். வள்ளுவரை நாம் பெற்ற வழியே விசாரத்தின் வழி. அவ்வழியை மறைத்துவிட்டுக் குறளை மாத்திரம் பிள்ளைக்குக் கொடுக்கின்றோம்.

யாம் இப்பகுதியில் தமிழாசிரியராயிருந்த காலத்து நிகழ்ந்ததொன்றை ஈண்டுக் கூறுதல் இயைபுடைத்து. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன்; குறள் முழுவதும் ஒப்பித்துப் பரிசு பெறுதற்கு முயன்றுகொண்டிருந்தவன். அவன் தந்தை ஓர் ஆலையில் பிரஸ் என வழங்கும் எந்திரத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் இரவு ஷிப்டில் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு எந்திரத்தில் அகப்பட்டுத் துணிந்துபோயின. மேற்பார்வையாளர் வந்து, உன் தலையெழுத்து, என் செய்வது என்றார். தெருவிலுள்ள பெண்டிர், போன பிறப்பில் என்ன செய்தாரோ என்றனர். தேநீர்க் கடையில் உடன்வேலை செய்வான் ஒருவன், விதியென்பதே முதலாளிமார் கட்டிய கதை என்று முழங்கினான். பையன் எம்மிடம் வந்தான். ஊழின் வலிமைக்குமேல் வலிமை இல்லை என்று முப்பத்தெட்டாம் அதிகாரம் கூறுகின்றது. தளராது முயல்வார் ஊழையும் புறங்காட்டச் செய்வர் என்று அறுபத்திரண்டாம் அதிகாரம் கூறுகின்றது. இரண்டும் அவனுக்கு மனப்பாடம். 'ஐயா, எங்கள் அப்பாவுக்கு எந்த அதிகாரம்?' என்றான்.

இதற்கு ஒரு வரியில் விடை கூறிவிடலாம் என்பார் விசாரத்தை அறியாதார். எம்முடைய நூல்கள் காரணத்தை மூவகைப்படுத்துகின்றன. குடத்திற்கு மண் முதற்காரணம்; தண்டமும் சக்கரமும் துணைக்காரணம்; குயவன் நிமித்தகாரணம். குடம் மண்ணினால் ஆயது என்றவிடத்துக் குயவன் இல்லை என்பது பெறப்படுமோ? குயவனால் ஆயது என்றவிடத்து மண் இல்லை என்பது பெறப்படுமோ? ஒரு காரணத்தைச் சொல்லுதல் மற்றைக் காரணங்களை நீக்குதல் ஆகாது. இது சிறு பிள்ளைக்கும் விளங்கும். விரல் போனமைக்கு வினை காரணம் என்ற மேற்பார்வையாளர், வினை எவ்வகைக் காரணம் என்று கூறிற்றிலர். எந்திரத்தின் காப்பு அன்றிரவு ஏன் கழற்றப்பட்டிருந்தது, கழற்றச் சொன்னவர் யார், மணிக்கு இத்தனை உருப்படி வேண்டும் என விரைவுபடுத்தியவர் யார் என்னும் வினாக்கள் அவர் கூற்றினால் விடைபெறவில்லை, மூடப்பட்டன.

சித்தாந்தம் வினை உண்டு என்கின்றது. யாம் அதனை ஐயுறேம். அவ்வினை அறிவில்லாத சடம் என்றும் அதே சித்தாந்தம் கூறுகின்றது. தானே வந்து ஒருவனைப் பற்றுதற்கு அதற்குக் கண்ணுமில்லை, காலுமில்லை. ஊட்டுவோன் இறைவன், வந்து சேரும் வாயில்கள் பல. அவ்வாயில்களுள் ஒன்று பிறர் செய்யும் செயல். நுகர்பவனுக்கு அது பிராரத்தக் கழிவு. அறிந்து செய்தவனுக்கோ அதுவே புதிதாய் ஏறும் ஆகாமியம். 'அவன் வினை அவனை அறுத்தது; எனக்கு அதில் பங்கில்லை' என ஒருவன் கூறக்கூடுமாயின், கள்வனும் கொலைஞனும் அதனையே கூறுவர்; விதி விலக்கு நூல்கள் அனைத்தும் பயனற்றுப் போம். ஆகவே தலையெழுத்து என்ற சொல், சைவத்தின் வினைக்கொள்கை அன்று; அக்கொள்கையின் போலி. தேநீர்க் கடைக்காரர் கூற்றும் அவ்வாறே குறையுடையது. முதலாளி பிழை செய்தான் என்பது நிறுவப்பட்டாலும், அதனால் வினை இல்லை என்பது நிறுவப்பட்டதாகாது. குயவனைக் காட்டி மண்ணை மறுத்த கதையே அது.

இவ்வளவையும் ஒருநாளில் யாம் கூறவில்லை. சில மாலைப்பொழுதுகள் சென்றன. பையன் பொறுமையாகக் கேட்டு, இறுதியில் ஒன்று கேட்டான்: 'காப்பைக் கழற்றச் சொன்னவர் அறிந்து செய்தாரா அறியாமற் செய்தாரா என்பதை எவ்வாறு தெரிந்துகொள்வது?' அளவை நூல் முழுவதற்கும் பாயிரமாக நிற்கத்தக்க வினா அது. கண்டவர் யாவர், அவர் சொல் நம்பத்தக்கதோ, எழுதிவைத்த ஏடு உளதோ எனக் காட்சியாலும் உரையாலும் தேடவேண்டுவதை வினைக்கொள்கையைக் கொண்டு நிரப்பலாகாது என அவன் தானே கண்டுகொண்டான். காயமுற்ற தொழிலாளிக்கு இழப்பீடு வேண்டும் என்னும் சட்டம் இந்நாட்டில் 1923-லேயே இயற்றப்பட்டது. ஓடும் எந்திரத்திற்குக் காப்பு வேண்டும் என 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அவ்வீட்டார் இவ்விரண்டையும் கேள்விப்பட்டதில்லை. கேளாமைக்குச் சட்ட அறிவின்மை மாத்திரம் காரணமன்று. தலையெழுத்து என்றவுடன் வினா முடிந்துவிட்டது என அவர்கள் நம்பியமையும் காரணம். வினா முடியவில்லை என்று தெரிந்தபின்னரே இழப்பீட்டுக்கு மனு எழுதினர்.

இதனை இறைவழிபாட்டிற்கு மாறு என எண்ணுவார் பூண்டிக்குச் செல்வாராக. திருவெண்பாக்கத்துப் பழைய கோயில் நின்ற இடம், 1944-இல் முடிவுற்ற பூண்டி நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பில் அகப்பட்டமையால், கோயில் வேறிடத்து எடுப்பிக்கப்பட்டு விளங்குகின்றது. சங்கிலியார்க்குக் கூறிய சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்த சுந்தரமூர்த்தி சுவாமிகள் இத்தலத்திற்கு வந்தார். தம் பிழையைத் தாம் மறைக்கவில்லை. ஆயினும், பிழைத்தேன் ஆதலின் வாய்மூடி இருப்பேன் என்று இருந்துவிடவுமில்லை. இறைவனையே நேர்நின்று வினவினார், வழக்கிட்டார். பெருமான் கொடுத்தது ஊன்றுகோல். கண்ணைக் கொடுத்தது பின்னர், காஞ்சியிலும் திருவாரூரிலும். வினையை ஒப்புதலும் வினவுதலும் ஒருவரிடத்தே ஒருங்கு நிற்கும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இத்தலம் இருக்கின்றது.

இனி, சைவ அன்பர் சிலர் எம்மோடு பேசுங்கால் எழுப்பும் தடையே பெரிது. 'பள்ளியில் தத்துவம் வேண்டும் என்கிறீர், நன்று. சைவத்தைக் கற்பியுங்கள். உலகாயதமும் பௌத்தமும் மேனாட்டார் நாத்திகமும் பிள்ளைகட்கு எதற்கு? பிஞ்சிலே ஐயம் விதைத்தால் பின் பத்தி விளையுமோ?' என்பர். இவர்க்கு விடை எம்முடையதன்று, அருணந்தி சிவாசாரியாருடையது. சிவஞான சித்தியார் இருபகுதியினது: பரபக்கம், சுபக்கம். முன்னதிலே உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் தத்தம் கொள்கையைக் கூறுகின்றனர். கூறுவது அவர்தம் குரலிலே. சிதைத்துக் கூறும் எதிரியின் குரலிலன்று. உலகாயதன் பேசும் பாட்டுக்களைத் தனியே எடுத்துப் படிப்பான் ஒருவன், இதனை எழுதியவர் உலகாயதரோ என மயங்குதலும் கூடும். மாற்றானை அவன் வலிமை தோன்றப் பேசவிட்டுப் பின் மறுத்தலே ஆசாரியர் அறம். உமாபதி சிவாசாரியார் 1313-இல் செய்த சங்கற்ப நிராகரணத்தில் இம்முறை இன்னும் ஒருபடி செல்கின்றது: ஒருவாதி முன்னவனை மறுப்பான், அவனை அடுத்தவன் மறுப்பான், சைவத்திற்கு மிக அணித்தாய் நிற்பவனும் விலக்கின்றி வினவப்படுவான். சிவஞான முனிவரோ வேற்றுச் சமயத்தாரோடு மாத்திரமன்றிச் சைவ உரைகாரரோடும் வழக்காடி, சிவசமவாதவுரை மறுப்பு எழுதினார். இவர்களெல்லாம் ஐயத்தால் பத்தி குன்றியவரோ?

இன்று சைவ சபைகளில் யாம் காண்பது வேறு. பரபக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுச் சுபக்கத்தில் தொடங்குகின்றனர். அதிலும் அளவைப் பகுதி கடினம் என விட்டுவிடுகின்றனர். வேலியில்லாப் பயிர் என்று பிள்ளைகளைப் பற்றி வருந்துவோர், தம் பயிருக்கு ஆசாரியர் இட்ட வேலியைத் தாமே பிடுங்கிவிட்டமை அறியார். தன் மதத்தை மாத்திரம் கேட்டு வளர்ந்த பிள்ளை முதன்முதல் ஒரு நாத்திகனைச் சந்திப்பது தேநீர்க் கடையிலாயின், அங்கே அவனுக்குத் துணை ஒருவருமில்லை. வகுப்பறையில் ஆசிரியன் முன்னிலையில் சந்திப்பதே அவனுக்கு ஏமம். சந்தித்தபின் அவன் நம் பக்கம் நில்லாமற் போதலும் கூடும். அவ்வச்சம் எமக்கும் உண்டு. ஆராய்ந்து விலகியவனைக் காட்டினும் ஆராயாது உடனிருப்பவன் சைவத்திற்கு உறுதுணை என்று கருதுவார் சித்தியாரை எரித்துவிடுதல் வேண்டும்.

அகவை போதாது என்பார்க்கு மெய்கண்டாரையே காட்டலாம். சகலாகம பண்டிதராகிய முதியவர் ஆணவத்தின் இயல்பு யாது எனச் சிறு பிள்ளையை வினவி, அப்பிள்ளையின் பார்வையிலே விடை பெற்று மாணாக்கராயின வரலாறு இப்பத்திரிகை படிப்பார் அறிந்ததே.

அரசியற் சட்டம் தடுக்கும் என்பது மற்றொரு தடை. முழுதும் அரசு பணத்தால் நடைபெறும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கின்றது அதன் 28-ஆம் பிரிவு. கூடாது என்பதே எம் கருத்தும். போதனை வேறு, ஆராய்ச்சி வேறு. 2002-இல் அருணா ராய் வழக்கிலே உச்சநீதிமன்றம் சமயங்களைப் பற்றிக் கற்பித்தலுக்கு அப்பிரிவு தடையாகாது என்றது. பதினால்வர் கூற்றையும் வைத்து எடைபோடச் சொல்லும் பாடத்தில் எவன் சமயத்துக்கும் இழுக்கில்லை. கிறித்துவப் பிள்ளையும் இசுலாமியப் பிள்ளையும் கடவுளில்லை என்பார் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து கேட்கலாம். தீட்சை வேண்டுவார் மடத்திற்கு வருக. பள்ளியில் அது வேண்டா.

பிற இடங்களில் இதனைச் செய்து பார்த்திருக்கின்றனர். பிரான்சு தேயத்தில் 1809 முதலாகப் பள்ளியிறுதித் தேர்வில் தத்துவம் இடம்பெற்றுளது. நான்கு மணிநேரம் அமர்ந்து ஒரு வினாவின்மேல் கட்டுரை வரைதல் வேண்டும். தூரம் போகவேண்டா, புதுச்சேரியில் 1826-இல் தோன்றிய பிரெஞ்சுப் பள்ளியின் மாணவரும் அத்தேர்வு எழுதுவோரே. கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் மேல்நிலை வகுப்பில் தத்துவம் விருப்பப்பாடம். ஆயினும் பிரெஞ்சுக்காரர் செய்ததொன்று எமக்கு உவப்பன்று. கைத்தொழில் கற்கும் பிரிவினர்க்கு அத்தத்துவத் தேர்வை அவர்கள் வைக்கவில்லை. கை உழைப்பவனுக்குக் கருத்து வேண்டா என்னும் பழைய நினைவு, சமத்துவம் பேசும் நாட்டிலும் இவ்வாறு ஒளிந்து நிற்கின்றது. நாம் தொடங்குவதாயின் ஐ.டி.ஐ.யில் தொடங்கவேண்டும். எந்திரத்தின் காப்பை எவ்வாறு மாட்டுவது என்று கற்பிக்கும் அதே கூடத்தில், அது கழற்றப்பட்டபோது யார் யார் எவ்வகைக் காரணம் என்று எண்ணவும் கற்பித்தல் முறையே.

'இதனால் சோறு வருமோ?' என்னும் வினாவைத் தாய்மார் கேட்கின்றனர். அவர்கள் கேட்கத்தக்கவர், மாதக் கடைசியில் அடுப்பெரிப்பவர் அவரே. தத்துவம் கற்றவனுக்கு ஆலையில் கூலி கூடாது. ஆயினும் மனு எழுதிய அவ்வீட்டில் அதனால் சோறு வந்தது என்று மாத்திரம் கூறுவேம்.

கற்பிப்பார் யாவர் என்பதே உண்மையான இடர். புதிய ஆசிரியரை அரசு நியமிக்கும்வரை காத்திருத்தல் வேண்டா. வாரத்தில் ஒருமணி நேரம் தமிழாசிரியர் எடுத்துக்கொள்ளலாம். குறளிலே முரணுவன போலும் இரண்டதிகாரம் எடுத்து வைத்து ஒருபுறம் ஐவர், மறுபுறம் ஐவர் நின்று பேசி, அடுத்த வாரம் பக்கம் மாறி நின்று பேசச் செய்யலாம். மாறி நிற்றலே இப்பாடத்தின் உயிர். மதிப்பெண் இடுதல் வேண்டா. இட்டால் மறுவாரமே அதற்குக் கையேடு ஒன்று கடையில் வந்துவிடும். திருவாவடுதுறை ஆதீனத்தார் ஊர்தோறும் நடாத்தும் சைவசித்தாந்த வகுப்புக்களில் பயின்றோர் நம் மாவட்டத்திலும் உளர். அவர்கள் ஞாயிறன்று பரபக்கத்தை எடுத்து உலகாயதன் கூற்றிலே தொடங்கலாம். ஒன்று மாத்திரம் நினைவிலிருத்துக: ஆலைகளில் வார விடுமுறை எல்லார்க்கும் ஞாயிறன்று, ஷிப்டுக்கு ஷிப்டு மாறும். வகுப்பின் நாளை அப்பிள்ளைகளைக் கேட்டு வைத்துக்கொள்ளுதல் நலம்.